குண்டனும் ஒல்லியும் ஓடின நேரம்

3 ஜூன், செவ்வாய்

காலையில முகம் கழுவிட்டு வந்து பாத்தா என் சாய்வு நாற்காலியில ஒரு லேப்டாப் சாஞ்சு உக்காந்திருக்கு. "மாமா, அதைத் தொட்டுடாதீங்க, அப்டேட் ஓடுது"ன்னு உள்ளேர்ந்து மருமக கத்துறா. அதுக்கு நாற்காலி, எனக்குத் தரை. நல்ல நியாயம்.

முன் ரூம் முழுக்க இப்போ அவ கடைதான். ஆபீசுங்க பழசுன்னு தள்ளிவிடுற லேப்டாப்பை வாங்கி, கழட்டித் துடைச்சு, லினக்ஸ் போட்டு விக்கிறா. நான் அவளை ஓனரம்மான்னுதான் கூப்பிடுறது. மொதல்ல மொறைச்சா, இப்போ திரும்பிப் பாக்குறா.

லினக்ஸ்னா என்னன்னு எட்டு மாசமா எனக்குப் பாடம் நடக்குது. நான் புரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான்: லேப்டாப்புக்குள்ள உக்காந்து வேலை வாங்குற மேஸ்திரி அவன். தனியா ஒருத்தனுக்குச் சொந்தம் கிடையாது, அதனால யாரு வேணா வெச்சுக்கலாம். ப்ராசஸர்னா நகம் சைஸுல ஒரு சில்லு. மொத்த வேலையும் அதுதான் பாக்குது. மத்ததெல்லாம் சும்மா கூட இருக்கு. "உங்களை மாதிரி"ன்னா என் வீட்டுக்காரி, போற போக்குல.

இன்னிக்கு ஒரு கஸ்டமர் வந்து, "இதுல வைரஸ் வருமா?"ன்னு கேட்டார். "உங்க முகத்தைப் பாத்தா வராது"ன்னேன். மருமக உள்ள கூப்பிட்டுத் திட்டினா. அவர் ஒண்ணு வாங்கிட்டுத்தான் போனார், அதை அவ கணக்குல எடுத்துக்கல.

4 ஜூன், புதன்

பெரிய சமாசாரம். நிலம் அளக்கற சர்வே ஆபீஸ்லேர்ந்து ஓனரம்மாவுக்குப் போன் வந்துச்சு. ஒம்பது லேப்டாப் வேணுமாம்!

5 ஜூன், வியாழன்

விஷயத்தை முழுசா எழுதிடறேன், இல்லன்னா நாளைக்கு எனக்கே மறந்துடும்.

அந்த ஆபீஸ்ல ட்ரோனைப் பறக்கவிட்டு மேலேர்ந்து போட்டோ எடுக்கறாங்க. நூறு, எரநூறு போட்டோ. அதையெல்லாம் லேப்டாப் ஒட்டி ஒரே மேப்பா ஆக்கணும். ஒரு மேப்புக்கு அரைமணிக்கு மேல ப்ராசஸர் மூச்சு விடாம ஓடுமாம். அந்த வேலை லினக்ஸ்லதான் நடக்குது.

போட்டிக்கு நிக்கிறது யாருன்னா, எங்க மருமக ஆறு வருஷம் ரிப்பேர் பாத்த பெரிய ஷோரூம். அந்த ஓனரேதான். இவ வேலைய விட்டப்போ, "முன் ரூம்ல கடை போட்டு ஆறு மாசம் தாக்குப் பிடிச்சுக் காட்டும்மா"ன்னாராம். சிரிச்சுக்கிட்டேதான் என்கிட்ட சொன்னா. எனக்கு சிரிப்பு வரல.

அவர் குடுக்கறது புது மாடல். சப்பாத்தி மாதிரி மெலிசு. இவ குடுக்கறது நாலு வருஷம் ஆபீஸ்ல ஓடின தடியன், செங்கல் கனம். ப்ராசஸரும் பழசு. ஆனா இவ சொல்றா, "நீள வேலைக்கு இவன்தான் மாமா நிப்பான்." அந்த ஆபீஸ் மேடம் ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்களாம்: "வாய்ப்பேச்சு வேணாம். ஓட்டிப் பாத்து எழுத்துல குடுங்க." ஷோரூம்லேர்ந்து வந்த சாம்பிளையும் இவகிட்டயே ரெண்டு வாரத்துக்குக் குடுத்துட்டாங்க, போட்டோவும் எரநூத்தி நாப்பது குடுத்துட்டாங்க.

யாரு டைம் பாக்கறது? நான்தான்! முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். ஸ்டாப் வாட்ச் இன்னும் ஓடுது. மருமக சொன்னா, "மெஷினே டைம் காட்டும் மாமா." நான் விடல. ஓடுறவனே டைம் சொல்றதா? அப்படின்னா எந்த பஸ்சும் லேட்டா வந்திருக்காதே!

பழசுக்கு குண்டன்னு பேர் வெச்சேன். புதுசுக்கு ஒல்லி.

6 ஜூன், வெள்ளி

டெஸ்ட் ஆரம்பம். மருமக ரெண்டு மெஷின்லயும் ஒரே லினக்ஸ், ஒரே வெர்ஷன், ஒரே பவர் மோட் வெச்சுக் குடுத்தா. கருப்பு ஸ்க்ரீன்ல ஒரு வரி அடிச்சு வெச்சுட்டு, "நீங்க எண்டர் தட்டினா போதும்"னுட்டு வெளியில ஒரு ரிப்பேருக்குப் போயிட்டா.

மேசையில ஒரு மெஷினுக்குத்தான் இடம். மத்தது பூரா அவ பிரிச்சுப் போட்ட ஸ்க்ரூ, மூடி, ஃபேன். குண்டனை மேசையில வெச்சேன். ஒல்லியை அதை ஒட்டி என் வீட்டுக்காரி துணி தேய்க்கிற டேபிள்ல வெச்சேன். ரெண்டுக்கும் சார்ஜர் மாட்டியாச்சு.

ஒரே நேரத்துல ரெண்டு எண்டர். ரெண்டு கையாலயும் தட்டினேன், வாட்சை வாயில கடிச்சுக்கிட்டு. வீட்டுக்காரி பாத்துட்டு, "பாட்டு வாசிக்கப் போறீங்களா?"ன்னா.

குண்டன் முப்பத்தாறு நிமிஷம்.

ஒல்லி? அம்பத்தொன்பது!

எனக்கு நம்பிக்கை வரல. திரும்ப ஓட்டினேன். குண்டன் முப்பத்தாறு, ஒல்லி அறுபத்தொண்ணு. துள்ளிக் குதிச்சேன். மெதுவாத்தான் குதிச்சேன், முட்டி ஒத்துக்கணுமே.

7 ஜூன், சனி

மூணாவது, நாலாவது ரவுண்டு. அதே கதை. ஒல்லி அறுபதை விட்டு இறங்கல. அவனைப் பாத்து, "ஏன்டா, மேக்கப் போடத்தான் நேரம் இருக்கு, ஓட நேரமில்லையா?"ன்னு கேட்டேன். மருமக நம்பரைப் பாத்துட்டு நெத்தியைச் சுருக்கினா. "இவ்வளவு வித்தியாசம் வராதே மாமா..." "வந்துடுச்சேம்மா!"ன்னேன். ஏழாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச நான் கையால எழுதின ஷீட், நாலு ரவுண்டும் நேர் கோடு போட்டு. அழகா இருந்துச்சு. அவளும் கடைசியில சிரிச்சுட்டா.

9 ஜூன், திங்கள்

காலையில மருமக சர்வே ஆபீசுக்குப் போய் ஷீட்டைக் குடுத்துட்டு வந்தா. மேடம் ரெண்டு தடவை படிச்சாங்களாம், "இவ்வளவா?"ன்னாங்களாம். "எங்க மாமா எடுத்த டைம் மேடம், தப்பு இருக்காது"ன்னு சொல்லிட்டு வந்திருக்கா.

எனக்கு ஒரு சாண் வளந்த மாதிரி இருந்துச்சு. தெருவுல ஒரு சுத்து சும்மா நடந்தேன். தபால்காரரை நிறுத்தி, "நீங்க ஏழு நிமிஷம் லேட்டு"ன்னு சொன்னேன்.

சாயந்தரம் வீட்டுக்காரி தேய்க்கிற டேபிள் கிட்ட நின்னுக்கிட்டு கூப்பிட்டா. மகன் ஆஸ்பத்திரியில நர்ஸு, அவன் யூனிஃபார்ம் தேய்க்கணும். ஒல்லியை அங்கேயே வெச்சு இன்னொரு ரவுண்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன், சும்மா, ஜெயிச்ச சந்தோஷத்துல. அதைத் தூக்கிட்டு அவ கேட்டா, "ஏங்க, நான் இன்னும் ஐயன் பாக்ஸே மாட்டல. டேபிள் மேல விரிச்ச இந்தக் கம்பளி ஏன் இப்படிச் சுடுது?"

கையை வெச்சுப் பாத்தேன். அப்போதான் அடுப்புலேர்ந்து எறக்கின மாதிரி.

ஒல்லியைக் கவுத்துப் பாத்தேன். வயித்துல வரிசையா ஓட்டை. காத்து இழுக்குற ஓட்டை. நாலா மடிச்ச கம்பளி மேல வெச்சு அந்த ஓட்டையை நாலு ரவுண்டும் நான் அடைச்சிருக்கேன்.

மூக்கு வயித்துல இருக்கும்னு எந்தப் பய கண்டான்!

10 ஜூன், செவ்வாய்

சொல்லல.

11 ஜூன், புதன்

மருமக கடைவீதிக்குப் போன நேரமாப் பாத்து ஒல்லியை மேசைக்கு மாத்தினேன். குண்டனுக்கு லீவு. எண்டர்.

முப்பத்தொண்ணு.

வாட்ச் நின்னுடுச்சோன்னு காதுல வெச்சுப் பாத்தேன். ஓடுது. முப்பத்தொண்ணு நிமிஷம். நம்ம குண்டனையே தாண்டிட்டான். திரும்ப ஓட்டினேன். முப்பத்தாறு. இன்னொண்ணு — நாப்பது. அதுக்கு மேலயும் நாப்பதுதான்.

அப்போ ஒல்லி கிளம்பும்போது பறக்கறான், சூடு ஏறினதும் வேகத்தைக் குறைச்சுக்கறான். படி ஏறும்போது நானும் அப்படித்தான். நீள ஓட்டத்துல குண்டன்தான் முன்னாடி, அதுவும் நாலே நாலு நிமிஷம். நான் எழுதிக் குடுத்த இருபத்தஞ்சு நிமிஷம் எங்க, இது எங்க?

மகன் ட்யூட்டி முடிச்சு வந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தான். அவன்கிட்ட மட்டும் சொன்னேன். அவன் சொன்னான், "அப்பா, எப்படிப் பாத்தாலும் நம்மதுதானே ஜெயிக்குது? வாயை மூடிக்கிட்டு இருங்க. இப்போ போய் சொன்னா அவ பேருதான் கெடும்."

அவன் சொல்றதும் சரிதான். நல்ல பையன், பொண்டாட்டி மேல பாசம்.

ஆனா — அந்த மேடம் அவங்க ஆபீஸ்லயே ஒரு நாள் ரெண்டையும் ஓட்டிப் பாத்தா? அறுபதுன்னு எழுதின இடத்துல முப்பத்தொண்ணு வந்தா? இவ பொய் சொன்னான்னுதானே நெனைப்பாங்க? என் பேரைச் சொல்லித்தானே இவ குடுத்துட்டு வந்தா. "தப்பு இருக்காது"ன்னு.

தூக்கம் வருமான்னு தெரியல. இவ்வளவு நாள் ஊரையே கிண்டல் பண்ணினேன், இப்போ கிண்டல் பண்ண ஆளு நான்தான், சிரிக்கத்தான் முடியல.

12 ஜூன், வியாழன்

சொல்லிட்டேன்.

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, "ஓனரம்மா, உன் டைம் கீப்பரை சஸ்பெண்ட் பண்ணிடு"ன்னேன். கிண்டல்னு நெனைச்சு அவ தலையைத் தூக்கல. கம்பளியைக் கொண்டு வந்து அவ மேசையில போட்டேன். ஒல்லியைக் கவுத்து மேல வெச்சேன். அவ பாத்தா. ஓட்டையைப் பாத்தா. கம்பளியைப் பாத்தா. கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சா.

"நாலு ரவுண்டுமா?"

"நாலும்."

"நான் ஒரு தடவை வந்து எட்டிப் பாத்திருந்தா போதும்..."ன்னா. என்னைத் திட்டவே இல்ல! திட்டியிருக்கலாம். வெளியே போய் வாசல்ல நின்னா, கொஞ்ச நேரம். வீட்டுக்காரி என்னைப் பாத்து தலையை மட்டும் ஆட்டினா, அது திட்டறதை விட மோசம்.

திரும்பி வந்தா. மகன் சொன்னதை நானே சொன்னேன் — எப்படியும் குண்டன்தானே ஜெயிக்கறான், விட்டுடலாமான்னு அவன் கேக்கறான்னு. அவளுக்கு வந்துச்சே கோபம்! "ஜெயிக்கறதுக்கா மாமா கடை வெச்சேன்? நான் சொன்னா சரியா இருக்கும்னு நாலு பேர் நம்பணும். அதுக்குத்தான் வெச்சேன்."

அப்புறம் மேசை மேல இருந்த ஸ்க்ரூ, மூடி எல்லாத்தையும் ஒரே தள்ளுல பெட்டிக்குள்ள தள்ளினா. மேசை காலி.

"பத்து ரவுண்டு. ஒரே மேசை. நான் பக்கத்துலேயே உக்காருறேன்."

14 ஜூன், சனி

இன்னிக்குப் பூரா ஓட்டம்தான். காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும். ஜன்னல் ஒரே அளவு திறந்து. ஒருத்தன் ஓடும்போது இன்னொருத்தனுக்கு ஓய்வு கிடையாது, ரெண்டும் மேசையில தள்ளித் தள்ளி. வீட்டுக்காரி வந்து ரெண்டு மெஷின் நடுவுல டீ வெச்சா, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா "ஐயோ"ன்னு கத்தினோம். அவ டீயை எடுத்துட்டே போயிட்டா. டீயும் போச்சு.

ஒல்லி: முப்பத்தொண்ணு, முப்பத்தாறு, நாப்பது, நாப்பது, அப்புறம் கடைசி வரைக்கும் நாப்பதுதான்.
குண்டன்: முப்பத்தஞ்சு, அப்புறம் ஒம்பது ரவுண்டும் முப்பத்தாறு. கழுதை. ஒரே நடை. எனக்கு அவன் மேல ஒரு மரியாதையே வந்துடுச்சு.

மருமக புது ஷீட் போடலாம்னு பேப்பர் எடுத்தா. நான் வேணாம்னேன். "பழைய ஷீட்டோட நகல் குடு." எங்க பஸ் டிப்போவுல ரூல் ஒண்ணு உண்டு: எழுதின டைமை அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு, படிக்கற மாதிரி. பக்கத்துல சரியான டைம், ஏன் மாறிச்சுன்னு ஒரு வரி, கையெழுத்து. அதையே பண்ணினேன். அம்பத்தொன்பது மேல ஒரு கோடு. அறுபத்தொண்ணு மேல ஒரு கோடு. பக்கத்துல: "கம்பளி மேல வெச்சு ஓட்டியது. காத்து வழி அடைப்பு. தப்பு என்னோடது." கையெழுத்து.

நாலு தடவை கையெழுத்து. அசிங்கமாத்தான் இருந்துச்சு, பாக்க.

16 ஜூன், திங்கள்

சர்வே ஆபீஸ். நானும் போனேன். அவ வேணாம்னா, தப்பு பண்ணவன் வராம எப்படின்னேன். இஸ்திரி போட்ட சட்டை. போட்டது வீட்டுக்காரி, கம்பளியைத் தட்டிக் காட்டிட்டே.

மேடம் ஷீட்டைப் பாத்தாங்க. முகம் இறுகிடுச்சு.

"அப்போ போன திங்கக்கிழமை நீங்க குடுத்தது பொய்யா?"

"பொய் இல்ல மேடம். தப்பு,"ன்னா மருமக. "எங்க வீட்டுலேயே நடந்த தப்பு. சரியான நம்பர் பக்கத்துல இருக்கு. மொத ரவுண்டுல அவங்க மெஷின்தான் வேகம். நீள வேலையில எங்களது நாலு நிமிஷம் முன்னாடி. அவ்வளவுதான் வித்தியாசம்."

நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். டைல்ஸுல ஒரு விரிசல் இருந்துச்சு. அதோட நீளம் இப்பவும் சொல்லுவேன்.

மேடம் அந்தக் கோட்டு மேல விரலை வெச்சாங்க. "இப்படி அடிச்சுக் கையெழுத்துப் போட உங்களுக்கு யார் சொன்னது?"

"டிப்போ பழக்கமுங்க."

மேடம் ட்ராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாங்க. மண்ணு ஒட்டின அட்டை. உள்ள பென்சில்ல நம்பர், நம்பர், நம்பர். நடுநடுவுல ஒத்தைக் கோடு, பக்கத்துல குட்டிக் கையெழுத்து. "எங்க ஃபீல்டு நோட்டுலயும் ரப்பருக்கு இடமில்ல,"ன்னாங்க. "அழிச்சிருந்தா அந்தப் பக்கத்தையே நாங்க நம்பறதில்ல."

அப்புறம் என்னைப் பாத்து, "தப்பு பண்ணவரும் நீங்க, திருத்தினவரும் நீங்களா?"

"ஆமாங்க. சின்ன கடை. ரெண்டு வேலைக்கும் ஒரே ஆளுதான்."

சிரிச்சுட்டாங்க! மருமக என் கையைக் கிள்ளினா. வலிச்சுது, ஆனா நல்ல கிள்ளு.

அப்புறம் அவங்க ஷோரூம் ஷீட்டை எடுத்துப் பாத்தாங்க. கம்ப்யூட்டர்ல அடிச்சது, கலர் படம் எல்லாம் போட்டு. ஒரு அடித்தல் கிடையாது. "இது எத்தனை ரவுண்டு?"ன்னு போன் போட்டுக் கேட்டாங்க. ஒண்ணாம்!

புதன்கிழமை ரெண்டு கடையும் இங்கேயே வரணும்னு சொல்லிட்டாங்க. அவங்க மேசையில, அவங்க முன்னாடி, அஞ்சு ரவுண்டு.

18 ஜூன், புதன்

கை வலிக்குது, ஆனா எழுதியே ஆகணும்.

ஷோரூம்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனை வாசல் வரைக்கும். மருமகளைப் பாத்து, "என்னம்மா, கடை நடக்குதா?"ன்னார். "நடக்குது சார்"ன்னா. நான் சும்மா இருந்திருக்கலாம். "நடக்கல சார், ஓடுது. அதுக்குத்தான் டைம் எடுக்க வந்திருக்கேன்"ன்னேன்.

வாட்சை நான் எடுத்ததும் அவர் குறுக்க வந்தார். "அவங்க மாமாவே டைம் பாப்பாரா? இது எந்த ஊர் நியாயம் மேடம்?"

மேடம் ஷீட்டைத் தூக்கிக் காட்டினாங்க. "சொந்த மருமகளுக்கு எதிரா நாலு இடத்துல கையெழுத்துப் போட்டவர் சார் இவர். இவரை விட வேற ஆளு எனக்கு எங்க கிடைக்கும்?"

அப்பாடா. இந்த ஒரு வரியை எழுதத்தான் இன்னிக்கு நோட்டைத் திறந்ததே.

மொத ரவுண்டு: ஒல்லி முப்பத்தொண்ணு, குண்டன் முப்பத்தஞ்சு. ஷோரூம்காரர் என் முதுகுல தட்டினார், "பாத்தீங்களா பெரியவரே." "பாத்தேன். எழுதியும் வெச்சிருக்கேன்"ன்னேன். ரெண்டாவது ரவுண்டுல ரெண்டும் முப்பத்தாறு. மூணுல ஒல்லி நாப்பது. அவர் "ரூம் சூடு"ன்னார். ரூமுல ஏசி ஓடிக்கிட்டு இருந்துச்சு, எனக்குக் காலு விறைச்சுப் போச்சு. நாலு, அஞ்சு — குண்டன் முப்பத்தாறு, முப்பத்தாறு. ஒல்லி நாப்பது, நாப்பது.

முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். மேடம் பொதுவாத்தான் கேட்டாங்க: "இன்னும் நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

ஷோரூம்காரர் பையை மூடினார். நான் வாட்சைப் பாக்கெட்டுல போட்டேன். எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. மருமக எந்திரிச்சா.

"இருக்கு மேடம். உங்க ஆளுங்க வெளியில போய் வேலை செய்யும்போது சார்ஜர் இருக்காது. பேட்டரியில எங்க மெஷின் நிக்காது. அதையும் ஓட்டிப் பாத்துடுங்க."

அடிப் பாவி! ஜெயிச்ச இடத்துல உக்காந்திருந்தாளே! ஷோரூம்காரரே அவளைத் திரும்பிப் பாத்தார். ஆறு வருஷம் தன்கிட்ட குனிஞ்சு வேலை பாத்த பொண்ணை இன்னிக்குத்தான் மொத தடவை பாக்குற மாதிரி.

சார்ஜரைக் கழட்டினோம். ஒல்லி நாப்பத்தி நாலு. குண்டன் அம்பத்தெட்டு நிமிஷத்துல தள்ளாடி வந்து சேந்தான். அடுத்த மேப் ஆரம்பிச்சு பதினஞ்சு நிமிஷத்துல படுத்துட்டான், கண்ணே திறக்கல. எழுதினேன். எல்லாத்தையும் எழுதினேன். என் கையெழுத்து இவ்வளவு நல்லா இருந்ததே இல்ல.

திரும்பி வரும்போது பஸ்ல அவ ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். "போச்சோ மாமா?"ன்னா. "தெரியல"ன்னேன். "ஆனா நான் டைம் பாத்த வரைக்கும், இன்னிக்கு கரெக்ட் டைமுக்கு வந்தது நீ ஒருத்திதான்." அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. கண்ணைத் துடைச்ச மாதிரி இருந்துச்சு. தூசியா இருக்கும்.

20 ஜூன், வெள்ளி

ஆறு நம்மது! ஆபீஸ் உள்ள உக்காந்து ஓட்டறதுக்கு. வெளி வேலைக்கு மூணு ஒல்லி, ஷோரூம்லேர்ந்து.

வீட்டுக்காரி கேட்டா, "ஒம்பதும் வந்திருக்கும், இவ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா. இல்லையா?" "ஆமாம்"னேன். "அப்புறம் ஏன் இப்படி இளிக்கிறீங்க?" இளிச்சுக்கிட்டேதான் இருந்தேன். கேட்ட அவளும்தான்.

மகன் மருமககிட்ட ஏதோ சொன்னான், மெதுவா. எனக்குக் காது கேக்காதுன்னு நெனைச்சு. மன்னிப்புதான்.

23 ஜூன், திங்கள்

ஆறு குண்டன்களுக்கும் லினக்ஸ் ஏத்தினா. ஒவ்வொண்ணையும் ஒரு ரவுண்டு ஓட்டாம கடையை விட்டு அனுப்பறதில்லன்னு நான் சொல்லிட்டேன். ஒருத்தன் நாப்பத்தொண்ணு காட்டினான். திறந்து பாத்தா ஃபேனுக்குள்ள பழைய ஆபீசோட தூசி, பஞ்சு மாதிரி. துடைச்சா முப்பத்தாறு. மருமக சொன்னா, "நல்ல வேளை மாமா." நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

8 ஜூலை, செவ்வாய்

எழுத நேரமே இல்ல. ரெண்டு வாரமா, சர்வே ஆபீஸ்ல கேள்விப்பட்டு, எவன் எவனோ லேப்டாப்பைத் தூக்கிட்டு வரான், "உங்க ஷீட் வேணும்"னு. எல்லாரையும் வரிசையில உக்கார வெச்சுடறேன்.

இன்னிக்கு வாசல்ல வெள்ளைச் சட்டை. ஷோரூம்காரர்! கையில புது மாடல் ஒண்ணு. ஒரு ஆபீஸ்ல கேட்டாங்களாம், ஓட்டிப் பாத்த ஷீட் இருக்கான்னு.

"எவ்வளவு நேரம் ஆகும் பெரியவரே?"

"அஞ்சு ரவுண்டு. உக்காருங்க. முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

உக்காந்தார். என் சாய்வு நாற்காலியில இடமில்ல, அதுல ஒரு லேப்டாப் அப்டேட் ஆகிக்கிட்டு இருந்துச்சு. ஸ்டூல்ல உக்காந்தார். வீட்டுக்காரி டீ குடுத்தா.

மதியம் தாண்டி அவர் மெஷினை ஓட்டினேன். இருபத்தி நாலு நிமிஷம். அஞ்சாவது ரவுண்டுலயும் இருபத்தி நாலு! நம்ம கடையில இருக்கற எதுவும் பக்கத்துல கூட வராது. அப்படியே எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், அவர் கையில குடுத்தேன். அவர் ஷீட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், ஷீட்டை மடிச்சுப் பைக்குள்ள வெச்சார்.

மருமக வந்து எட்டிப் பாத்தா. "சூடே ஏறலையா? உள்ள எப்படி வெச்சிருக்காங்கன்னு பாக்கணுமே சார், திறக்கலாமா?"

அவரே எடுத்து நீட்டினார். மேசையில விளக்கைக் கிட்ட இழுத்து, ரெண்டு தலையும் ஒண்ணா குனிஞ்சுடுச்சு. இவ ஃபேனைக் காட்டி ஏதோ சொல்றா. அவர் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, "இருங்க மேடம், திரும்பச் சொல்லுங்க, இந்த காப்பர் பைப்பு எங்க போகுது?"ங்கறார்.

மேடமாம்.

அடுத்தவர் அவசரப்பட்டார், எவ்வளவு நேரம்னு. "அவங்க பேசி முடிக்கட்டும்"னேன்.